எந்த இடம்?

"பிள்ளை எந்த இடம்?"

மூன்றாவது மேசையிலும் அதே கேள்விதான். அற்புதராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாணவருக்கான தொழில் வழிகாட்டல் கண்காட்சி. படிப்பு முடிந்தபிறகு என்ன செய்வது என்று முழிக்கிற பிள்ளைகளுக்காகப் பத்து மேசை போட்டிருந்தார்கள்.

வழி காட்டினார்கள்தான். முதல் மேசையில் தாதிப் பயிற்சி பற்றிக் கேட்டாள். எந்த இடம் என்றார்கள். குருநகர் என்றாள், மீனவர் ஊர்.

"அப்ப உங்கடை ஆக்களுக்கு உந்த மூலையிலை வலைத் தொழிற்சாலைக்காரர் இருக்கினம்" என்று கையைக் காட்டினார்கள்.

இரண்டாவது மேசையில் வங்கி வேலை. அங்கேயும் அதே கேள்வி, அதே மூலை.

ஊர் கேட்பது ஊரை அறியவா? ஊரைச் சொன்னால் சாதி தெரியும். சாதி தெரிந்தால் கதிரையைக் காட்டுவதா, நிற்க வைத்தே அனுப்புவதா என்று முடிவெடுக்கலாம். எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள்.

மூன்றாவது மேசை நில அளவைப் பயிற்சி. அவள் வந்ததே இதற்காகத்தான். போரால் கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து அப்பா சந்தியோகுவின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. காலையில் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

"கடலைத்தானே பூட்டினவை. நான் தரையை அளக்கப் போறன்."

மேசையில் இருந்தவர் நீர்வேலிப் பரமலிங்கம். நெற்றி நிறையத் திருநீறு. வந்த பிள்ளைகளிடம் படிப்பைக் கேட்க முன்னமே ஊரைக் கேட்டார். கேட்டதை ஒரு தனிக் கொப்பியில் வேறு எழுதிக்கொண்டார். மற்ற மேசைக்காரர் வாயால் செய்ததை இந்த மனிசன் எழுத்தில் வைக்கிறாரே என்று அவள் ஊரைச் சொல்லாமல் கொப்பியை முறைத்தாள்.

"ஊரை மட்டும் சொன்னாக் காணாது பிள்ளை. எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, கிட்டடியிலை என்ன கோயில், அதுவும் சொல்ல வேணும்."

"கோயிலும் வேணுமோ?"

"ஓம். கோயிலைச் சொன்னாத்தான் எனக்கு விளங்கும்."

அதோடு அவளுடைய பொறுமை போய்விட்டது.

"ஐயா, நிலம் அளக்கிறதுக்குக் கணக்குத் தெரிஞ்சாக் காணும். எனக்குக் கணக்கிலை அதிவிசேட சித்தி. கணக்கைக் கேளுங்கோ, சொல்லுறன். ஊரைக் கேக்காதேங்கோ. சங்கிலி பிடிச்சு அளக்கேக்கை காணி வந்து என்னட்டை ஊர் கேக்காது."

பின்னால் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவளுடைய வகுப்பு ரீச்சர் குணலட்சுமி ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"பெரியாக்களோடை இப்பிடியே கதைக்கிறது?"

"பெரியாக்கள் இப்பிடியே கேக்கிறது, ரீச்சர்?"

பரமலிங்கம் கோபிக்கவில்லை. "பிள்ளை, இடம் தெரியாட்டி நான் என்னெண்டு..." என்று தொடங்கினார். அவள் முடிக்க விடவில்லை.

"சந்தியோகு அற்புதராணி எண்டு எழுதுங்கோ. விலாசத்துக்கு இந்தப் பள்ளிக்கூடத்தைப் போடுங்கோ. அதுக்கு மேலை ஒண்டும் சொல்லமாட்டன்."

விண்ணப்பத்தில் கையெழுத்தை வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனாள். நல்லாய்த்தான் செய்தாள். எத்தனை பேர் தலையைக் குனிந்துகொண்டு அந்த மூலைக்குப் போயிருப்பார்கள்.

இரண்டு மாதம் போனது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஷெல் விழுந்து, வகுப்புகளை நிறுத்திப் படலையைப் பூட்டிவிட்டார்கள். ரீச்சர்மாரும் ஆளுக்கொரு பக்கமாக இடம்பெயர்ந்துவிட்டார்கள். நில அளவைப் பயிற்சிக்கான நுழைவுச் சோதனை திங்கட்கிழமை. அனுமதி அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும் அட்டை வரவில்லை.

"ஊரைச் சொல்லாததுக்குப் பழி வாங்கிப்போட்டார் அந்தத் திருநீறு" என்றாள் தாய் கத்தரீனாவிடம். "அட்டை இல்லாட்டிலும் நான் போவன். விடாட்டி வாசல்லை நிண்டு நாலு பேருக்குக் கேக்கச் சொல்லுவன்."

"தனியப் போகாதை. நானும் வாறன்" என்றாள் கத்தரீனா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. குருநகர் மாதா கோயில் வாசலில் நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு மனிசர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகிறவர் வருகிறவரையெல்லாம் மறித்து, "சந்தியோகு அற்புதராணி எண்டு ஒரு பிள்ளை இஞ்சை இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அற்புதராணி சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"நான்தான். கடைசியிலை இடத்தைக் கண்டுபிடிச்சிட்டியள் போலை."

"ஓம் பிள்ளை. பள்ளிக்கூடம் பூட்டு, விசாரிக்க ஒருத்தரும் இல்லை. சந்தியோகு எண்ட வேதக்காரப் பேரை வைச்சுக்கொண்டு மூண்டு நாளா அலையிறன். நாவாந்துறைக் கோயிலடியிலை கேட்டு, பாசையூர்க் கோயிலடியிலையும் கேட்டிட்டு இஞ்சை வாறன்."

சேட்டுப் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவளுடைய பெயர்தான். அவள் சைக்கிளைப் பார்த்தாள். கரியரில் அந்தக் கொப்பி கட்டியிருந்தது. அதற்குள் இன்னும் நாலைந்து அட்டைகள் இருந்தன.

பரமலிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

"போன வருசம் தபால் ஓடாமல் ஏழு பிள்ளையள் அட்டை கிடையாமல் சோதினை எழுதேல்லை. இந்த முறை நானே வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுப்பமெண்டுதான் பிள்ளை, எல்லாரிட்டையும் இடம் கேட்டனான்."