என்ன நிறம் தெரியுது?

இதைச் சரியாகச் சொல்ல வருமா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றாக ஆகிவிடும். அதிலும் இது என் வீட்டுக்காரர் விஷயம்.

அவர் கடல்மீன் வளர்க்கிறார். ஒரு கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், இரண்டே இரண்டு மீன். தண்ணீரில் நைட்ரேட் ஏறினால் மீனுக்கு ஆகாதாம். அதனால் ஞாயிறுதோறும் சோதனை.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீர் பிடித்து, அவர் மருந்து சொட்டுவார். குலுக்குவது என் வேலை.

"ரெண்டாவது பாட்டிலை நல்லா குலுக்கு. மருந்து அடியில தங்கிட்டா, இருக்கிறதைக் குறைச்சுக் காட்டும்."

"குலுக்கறேங்க."

"இன்னும்."

தோள்பட்டை விட்டுப்போகும்.

நிறம் ஏறும்வரை இருவரும் ஜன்னலோரம் நிற்போம். பிறகு குழாயை, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டையோடு சேர்த்து நீட்டுவார்.

"என்ன நிறம் தெரியுது?"

அவருக்குப் பிறவியிலிருந்தே நிறம் பிரித்துப் பார்க்க வராது. மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். சிவப்பு என்றால் மாற்ற வேண்டும்.

"மஞ்சள்ங்க."

"சரி."

அவ்வளவுதான், போய்விடுவார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்று இருப்பது இது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் தலையாட்டல்.

போன ஞாயிறு காலை தங்கை வந்திருந்தாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

"அத்தானுக்கு மீன்தான் உசிரு. நீயும் மீனாப் பொறந்திருக்கலாம்க்கா. தண்ணி சரியா இருக்கான்னாவது கேட்டிருப்பார்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கை துடைக்கத் துணி தேடி, தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரியைத் திறந்தாள். பின்வரிசையிலிருந்து ஏதோ கருவியை எடுத்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"என்னக்கா இது, நைட்ரேட் பார்க்க மெஷினே இருக்கு! பட்டனை அமுக்கினா நம்பர் வந்துடும். நிறமே பார்க்க வேண்டாமே!"

"புதுசா வாங்கியிருப்பார்."

"எங்க புதுசு? ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. உள்ள இருக்கிற குப்பி இன்னும் ஈரமாவே இருக்கு. இன்னிக்குக் காலையில பார்த்திருக்கார். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு உன் கையை ஒடிக்கிறார்? உன்னை நல்லா முட்டாளாக்குறார்க்கா. வரட்டும், கேளு!"

கேட்கத்தான் வாய் துடித்தது.

கேட்டால் மாட்டிக்கொள்வார். அப்புறம் எந்த முகத்தோடு என்னிடம் குழாயை நீட்டுவார்? அந்த ஒரு ஞாயிறும் போய்விடுமே.

கருவியைப் பிடுங்கி, இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வைத்தேன். குளியலறைக் கதவு திறந்தது.

ஈரத் தலையோடு வந்து குழாயை எடுத்தார். நான் குலுக்கினேன். "இன்னும்" என்றார். இன்னும் குலுக்கினேன். ஜன்னலோரம் நின்றோம்.

"என்ன நிறம் தெரியுது?"

எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்று மஞ்சள்.

"சிவப்பா இருக்குங்க" என்றேன்.

அவர் குழாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்படியா? அப்ப தண்ணி மாத்தியே ஆகணும். பொழுது சாயற வரைக்கும் வேலை இருக்குமே. உப்பு நீ கலக்குறியா?"

"கலக்கறேங்க."

பின்னாலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். "அக்கா, அது மஞ்ச..."

"உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு!" என்று அவள் கைப்பையைத் தோளில் மாட்டி, வாசலுக்கு வெளியே விட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டேன்.