பால் பொங்கிய வகுப்பு

பள்ளியில் படிக்கும்போது வந்த மூளைக்காய்ச்சலில் நிலோஃபருக்குக் காது போயிற்று. தன் குரல் எப்படி ஒலிக்குமோ என்ற கூச்சத்தில், வெளியாட்களிடம் பேசுவதையும் அதோடு விட்டுவிட்டாள். கல்லூரி வகுப்பில் எல்லோரும் சிரித்தால் பக்கத்திலிருக்கும் சுகிர்தாவின் முகத்தைப் பார்ப்பாள். அப்புறம் சொல்கிறேன் என்று சுகிர்தா கையைக் காட்டுவாள். நிலோஃபரும் சும்மா சிரித்து வைப்பாள்.

அன்று பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு வந்தார். அவர் பேசப் பேச, பேச்செல்லாம் எழுத்தாகி அவருக்குப் பின்னால் சுவரில் ஓடியது. நிலோஃபர் கண் இமைக்காமல் வாசித்தாள்.

"எங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சுது. அடுப்பை அணைக்காம என்ன வேடிக்கைன்னு மனைவி கேட்டாங்க. சப்ளை கூடுது, விலை குறையட்டும்னு நிக்கிறேன்னு சொன்னேன்."

நிலோஃபருக்குச் சிரிப்பு பீறிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் திரும்பினால், வேறு யாருமே சிரிக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

எட்வின் அவள் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். "வருஷா வருஷம் இதைச் சொல்றேன். இன்னைக்குத்தான் ஒரு ஆள் சிரிச்சிருக்கு" என்று சுவரில் ஓடியது. வகுப்பே சிரித்தது. அவளும் கூடவே சிரித்தாள்.

"இன்னொண்ணு சொல்லவா?"

"ஐயோ, வேணாம் சார்!" என்று வகுப்பு கத்தியதும் எழுத்தாக வந்தது.

நிலோஃபர் எழுந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள். அவள் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சுவரில் வந்து நின்றது.