கடைசி வாரம்

சாலை பஜார் துணிக்கடையில் லிங்கராஜுக்கும் திவ்யலட்சுமிக்கும் ஒரே கவுண்டர். வீட்டில் டிவி இல்லை என்று லிங்கராஜ் சொன்னதிலிருந்து, ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமைக் காதல் நாடகத்தை மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் திவ்யலட்சுமிதான் அவனுக்குச் சொல்லிவந்தாள்.

நேற்று நாடகம் முடிந்தது. காதலனை விட்டுவிட்டு நாயகி ரயிலேறிப் போய்விட்டாள். விடிய விடிய அழுத திவ்யலட்சுமிக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை.

“ரெண்டு பேரும் சேந்துட்டாங்க” என்றாள்.

“சேரல்லையே! அவ ரயிலேறிப் போனாள்லா?” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“வீட்ல டிவி இல்லேன்னீங்க?”

“உண்டு. நீங்க சொல்லிக் கேக்கணும்னு பொய் சொன்னேன்.” லிங்கராஜ் தலைகுனிந்தான். “நாடகமும் முடிஞ்சிட்டு, இனி என்ன பேசன்னு தெரியல்ல.”

திவ்யலட்சுமி டிபன் பாக்ஸை மூடினாள்.

“நாளையிலேருந்து உங்க வீட்டுக் கதையைச் சொல்லுங்க. அம்மா, அக்கா, எல்லாரையும் பத்தி. நான் கேக்கேன்.”