கண்ணை எடுக்கக் கூடாது

தன் புருசன் லோகேஸ்வரனின் இரண்டு கன்னங்களையும் டொக்டர் சுகிர்தா கையால் பிடித்ததும் பாலேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

கொழும்பில் வேறு டொக்டரே இல்லையா?

காலையில் கட்டிலை விட்டு எழுந்த மனுசன், சுவரெல்லாம் சுற்றுகிறது என்று சரிந்துவிட்டார். பித்தம்தான் என்று பாலேஸ்வரி தேசிக்காய்த் தண்ணி கொடுத்தாள். அதையும் சத்தியெடுத்தார். பக்கத்து ஃபிளாட் சந்திரகுமார்தான் ஓட்டோவில் ஏற்றி, வெள்ளவத்தையில் கிட்ட இருந்த இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். வந்து பார்த்தால் இவள் நிற்கிறாள்.

முப்பது வருசத்துக்கு முதல் லோகேஸ்வரனுக்குக் கலியாணம் பேசிய பெண். சாதகம் பொருந்தவில்லை. அதற்குப் பிறகுதான் பாலேஸ்வரியைப் பார்க்க வந்தார்கள். கறியில் உப்புக் கூடினாலும் சரி, மாமி சாகும்வரை “அந்த டொக்டர் பிள்ளை” என்று பெருமூச்சு விடுவா.

நரைக்கு மை கூடப் பூசாமல் இந்த வயதிலும் வடிவாய்த்தான் இருக்கிறாள், நாசம்.

“என்ர மூக்கைப் பாருங்கோ. என்ன நடந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது.”

சொன்ன கையோடு டொக்டர் அவர் தலையைச் சட்டென்று வலப்பக்கம் திருப்பினார்.

தலை திரும்பியது. கண் அந்த மூக்கிலேயே நின்றது.

இடப்பக்கம் திருப்பினார். அப்போதும் நின்றது.

புதுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் நின்றாலும் போனை விட்டு நிமிராத மனுசன்! நிற்க ஏலாது, இருக்க ஏலாது, இதற்கு மட்டும் ஏலுமாக்கும்.

ஒருக்காலாவது அந்தக் கண் விலகட்டும் பிள்ளையாரே என்று பாலேஸ்வரி பல்லைக் கடித்தாள்.

மூன்றாம் தரமும் விலகவில்லை.

டொக்டர் கையை எடுத்தார். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. பாலேஸ்வரியை வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“காதுக்குள்ள பிரச்சினை எண்டால், தலையைத் திருப்பேக்க கண் வழுக்கிப் போய்த் திரும்பி வரும். அப்பிடி வழுக்கியிருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பன். இப்பிடித் தலை சுத்துற ஆளுக்குக் கண் அசையாமல் நிண்டால் ஸ்ட்ரோக் எண்டுதான் பயம். இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேணும்.”



பாலேஸ்வரி டொக்டரின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு ஓடினாள். தானே அந்தக் கைகளை எடுத்துப் புருசனின் கன்னங்களில் வைத்து அழுத்தினாள்.

“இன்னொருக்காத் திருப்பிப் பாருங்கோ, டொக்டர்.”

சுகிர்தா திருப்பினார்.

லோகேஸ்வரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.