குண்டு விழுந்த பிறகு

“எறிஞ்சதும் நேரா என்கிட்ட ஓடி வந்தீங்கன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன். திரும்பிப் போயிட்டீங்கன்னா, இனிமே இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்!”

குண்டு எறியக் காத்திருந்த பெண்ணிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் பல் டாக்டர் ஓட்டம் பிடித்தார். அலுவலகங்களுக்கு இடையேயான விளையாட்டுப் போட்டி. குண்டு எறியும் வட்டத்துக்கு எதிரே, தூரத்தில் கயிறு கட்டிய இடத்தில் அவருடைய அக்கா காத்திருந்தாள்.

“சொல்லித் தொலைச்சியா? ஊர்ல எல்லாரையும் வாயைத் திறக்க வைக்கிறே, உன் வாய் திறக்க இத்தனை நாளாச்சு!”

தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை. வியர்த்துக் கொட்டியது டாக்டருக்குத்தான். அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

அவளுக்கு முன்னால் தபால் ஆபீஸ் பெண் எறிந்தாள். குண்டு அதுவரை விழுந்த எல்லாவற்றையும் தாண்டிப் போய் விழுந்தது. அவள் குஷியில் குதித்துக்கொண்டு முன்னால் ஓடிவர, நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார்.

“நல்லாத்தானே போட்டாங்க?” என்றார் டாக்டர்.

“நமக்கென்னடா தெரியும்? நீ உன் ஆளைப் பாரு.”

அவருடைய ஆள் வட்டத்துக்குள் வந்தாள். கடைசி வாய்ப்பு. முதுகைக் காட்டி நின்று, குண்டைத் தாடைக்கடியில் கழுத்தோடு அழுத்தி, முழங்கையை உயர்த்தினாள். குனிந்து, ஒற்றைக் காலால் பின்னோக்கி ஒரு தாவல். சட்டென்று திரும்பி, உடம்பின் மொத்த பலத்தையும் கையில் கொடுத்துத் தள்ளினாள்.

அவள் போட்ட சத்தத்தில் அக்காவின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. பிறகுதான் குண்டு விழுந்தது. மைதானமே கத்தியது.

டாக்டர் வெட்கத்தை விட்டு இரண்டு கைகளையும் விரித்தார். அவள் அவரைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். ஓர் அடி எடுத்து வைத்தவள் வட்டத்தின் விளிம்பில் டக்கென்று நின்றாள்.

அப்படியே திரும்பி, பின்பக்கமாக இறங்கிப் போய்விட்டாள்.

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் டாக்டர் சோம்பல் முறிப்பது போல் பாவலா செய்தார். வெள்ளைக் கொடி ஏறியதைக்கூட அவர் பார்க்கவில்லை.

“வாக்கா, போலாம். சிரிச்சுகிட்டே மாட்டேன்னு சொல்றதுக்கும் ஒரு நல்ல மனசு வேணும்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அழுது தொலைக்காதடா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் அக்கா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கேட்டை நெருங்கும்போது பின்னால் தடதடவென்று காலடிச் சத்தம். வெள்ளைப் பவுடர் அப்பிய கை ஒன்று டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

“ஓடி வரச் சொல்லிட்டு நீங்க எங்க போறீங்க?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நீங்கதான் திரும்பிப் போயிட்டீங்களே...”

“முன்பக்கமா இறங்கினா ஃபவுல், டாக்டர்! சுத்தித்தான் வரணும்!”