வீட்டுக்காரரை மாற்றும் வேலை

"எல்லாத்தையும் எடுத்துட்டா கடைசியில மிஞ்சுறதுதான் ஆபரேட்டிங் சிஸ்டமாம்மா?" என்று, கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் அவளிடம் மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். இப்போது, தன் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்திருக்கும் தையற்காரம்மா கேட்கிறார்: "அப்போ படம் பார்க்கிறது, கடுதாசி அடிக்கிறதெல்லாம் அதுல சேர்த்தி இல்லையா தம்பி?" "அதெல்லாம் குடியிருக்கிறவங்கக்கா. யாருக்கு எந்த ரூம், எப்போ தண்ணின்னு பங்கு போடுற வீட்டுக்காரர்தான் அது. அவரைத்தான் மாத்துறோம். உங்க சாமானை எடுத்து வெச்சாச்சு," என்கிறான் அவளுடன் வேலை செய்பவன். "அறுநூறு பேரோட தையல் அளவு அதுல இருக்குப்பா. போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்." அவர் மேசைக்கும் வாசலுக்குமாக நடக்கிறார். மின்விசிறி கடகடக்கிறது. அவன் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவ உள்ளே போகிறான். திரையில் 'அழிக்கலாமா?' என்ற கேள்வி காத்திருக்கிறது. அவள் சும்மா அவன் எடுத்து வைத்த நகலைத் திறந்து பார்க்கிறாள். அளவுகள் இல்லை, அவற்றைத் திறக்கும் குறுக்குவழிச் சின்னம் மட்டும் இருக்கிறது. சாமானுக்குப் பதில் விலாசச் சீட்டை எடுத்து வைத்திருக்கிறான். போன வருடம் அவள் தவறுதலாக அழித்த கோப்புகளை, முதலாளி காதுக்குப் போகாமல் இரண்டு நாள் உட்கார்ந்து மீட்டவன் அவன், ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தையற்காரம்மா தெருவைப் பார்த்து நிற்கிறார். அவள் கோப்புகள் முழுவதையும் நகலெடுக்கிறாள். பச்சைக் கோடு எறும்பாய் ஊர்கிறது. குழாய்ச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று கடவுளை வேண்டுகிறாள். கோடு நிறைகிறது. தன் நாற்காலிக்குத் திரும்பி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கிறாள். ஈரக் கையைத் துடைத்தபடி வந்தவன், நின்றவாக்கிலேயே 'ஆம்' என்பதை அழுத்துகிறான்.