ரிப்பன் புல்

கடற்புல் அழிந்துபோன மணலில் புல்லுக்குப் பதிலாக நட்டுவைத்திருந்த பிளாஸ்டிக் ரிப்பன்கள், ஆய்வக விளக்கின்கீழ், தட்டு நீரில் மிதக்கின்றன. அடியில் நத்தைகள், நுனியில் பொடி இறால்கள். நிஜப் புல்லில் குடியிருந்த அதே வரிசை. "பாவம், கடை ரிப்பனைப் புல்லுன்னு நம்பி ஏமாந்துடுச்சுங்க," என்கிறாள் கூட வேலைபார்ப்பவள். "ஏமாந்த மாதிரியா இருக்கு? நிறத்தைப் பாருடி," என்று தட்டின்மேல் குனிகிறாள் இவள். பழுப்பு இறால்கள் எல்லாம் ரிப்பனின் பச்சையாகவே மாறியிருக்கின்றன. குனிந்த இவள் கழுத்தில் செத்துப்போன அக்காவின் சங்கிலி ஆடுகிறது. அக்கா புருஷனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அக்கா மகள் இவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுகிறாள்; ஒருமுறையாவது அம்மா என்று அழைக்கமாட்டாளா என்று இவள் ஏங்காத நாளில்லை. போன் அடிக்கிறது. "அம்மா, எப்ப வர்றே?" அக்கா மகள்தான். "இதோ வந்துட்டேன்டா தங்கம்," என்கிறாள். இவள் வாயிலிருந்து வருவது அக்காவின் குரல்.